லேபிள் இல்லாத பாட்டில், மூடியைத் திறந்தாலே இருமல்: யாரைக் கேட்பது, எங்கே ஒப்படைப்பது?

தென்காசிச்_சாரல் (கேள்வி)

வணக்கம். புதிதாகக் குடிவந்த வாடகை வீட்டில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன பொருட்கள் சில பாத்ரூம் பரணில் கிடக்கின்றன. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் முக்கால்வாசி இளமஞ்சள் திரவம். லேபிள் கிடையாது. தெருவில் வண்டியில் விற்கும் "ஆசிட்" என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். மூடியைத் திறந்தாலே இருமல் வருகிறது. அதோடு பாலிதீன் கவரில் அரைக் கிலோ பிளீச்சிங் பவுடர், பாதி பிழிந்த எலி பேஸ்ட் டியூப் ஒன்று, ஒரு பொட்டலம் அந்துருண்டை. ஜன்னல் கம்பியில் பழைய பச்சை எனாமல் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. சமையலறையில் ரசம் வைக்க ஈயச்சொம்பு ஒன்றும் இருக்கிறது. அது எங்களுடையது. நல்ல ஈயமா என்று தெரியாது.

கேட்க விரும்புவது: குழந்தை இவற்றில் எதையாவது வாயில் வைத்துவிட்டால் முதலில் யாரைக் கூப்பிடுவது? உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்படி அப்புறப்படுத்துவது? இப்படி விற்பவர்கள் மீது எங்கே புகார் செய்வது?

---

மருந்தாளுநர்_கோவை

முதலில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1800 116 117. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை. பொதுமக்களும் கேட்கலாம், சிகிச்சை தரும் மருத்துவரும் கேட்கலாம். தமிழில் பேச ஆள் கிடைக்காமல் போகலாம். அதனால் பொருளின் ஆங்கிலப் பெயரைப் பார்த்துப் படிக்கும்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறல், வலிப்பு, மயக்கம், தூங்கித் தூங்கி விழுவது, வாயில் எச்சில் வடிந்துகொண்டே இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் எய்ம்ஸ் எண் வேண்டாம், நேராக 108. பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104 இருக்கிறது, ஆனால் விஷம் என்றால் அதில் நேரம் செலவழிக்காதீர்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நச்சு சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

போனை எடுக்கும்போது கையில் இருக்க வேண்டியவை: குழந்தையின் வயது, எடை, பொருளின் பெயர், அதில் உள்ள மருந்தின் பெயரும் சதவீதமும், எத்தனை மணிக்கு நடந்தது, குடித்ததா தோலில் பட்டதா கண்ணில் பட்டதா, இதுவரை நீங்கள் என்ன கொடுத்தீர்கள். எவ்வளவு உள்ளே போனது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று பேனாவால் கோடு போட்டுவிட்டு, தரையில் கொட்டியதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். இந்த வயதுக் குழந்தையின் ஒரு மடக்கு சுமார் 5 மி.லி., அதாவது ஒரு டீஸ்பூன். மருத்துவமனைக்குப் போகும்போது பாட்டிலையோ டியூபையோ கூடவே எடுத்துப் போங்கள்.

வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், தொண்டையில் விரல், எதுவும் கூடாது. ஆசிட் இறங்கும்போது உணவுக்குழாயை ஒரு முறை அரிக்கும், வாந்தியில் ஏறும்போது மறு முறை அரிக்கும். மண்ணெண்ணெய், தின்னர், கொசுவிரட்டி ரீஃபில் போன்றவை வாந்தி வரும்போது நுரையீரலுக்குள் போய்விடும். கொசுவிரட்டி ரீஃபிலில் பெரும்பாலோர் பயப்படுவது டிரான்ஸ்ஃபுளூத்ரின் என்ற மருந்துக்கு. அது அதில் ஒன்று, ஒன்றரை சதவீதம்தான். மிச்சமெல்லாம் மண்ணெண்ணெய் வகைக் கரைப்பான். குழந்தைக்கு நிமோனியா வருவது அந்தக் கரைப்பானால். உப்புத் தண்ணீரிலேயே தனி ஆபத்து உண்டு: ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரும்.

ஆசிட் போனால் எலுமிச்சையோ ஆப்ப சோடாவோ கொடுத்து "முறிக்க"ப் பார்க்காதீர்கள். வாயைத் தண்ணீரில் துடைத்துக் கழுவி, உடுப்பைக் கழற்றி, கிளம்பிவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் மட்டும் உடனே கிளம்ப வேண்டாம். முதலில் குழாய்த் தண்ணீரை மெல்லிய தாரையாக விட்டு 15 முதல் 20 நிமிடம் இமையைத் திறந்து பிடித்துக் கழுவ வேண்டும். கழுவாமல் ஆட்டோவில் ஏறினால் போய்ச் சேரும் நேரத்துக்குள் கருவிழி வெந்துவிடும்.

உங்கள் பட்டியலில் மிக மோசமானது எலி பேஸ்ட். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "எலி மருந்து" என்ற ஒரே சொல்லில் நாலு வெவ்வேறு விஷங்கள் இருக்கின்றன. கட்டியாக, கேக் மாதிரி விற்பது பெரும்பாலும் புரோமடையலோன், 0.005 சதவீதம். அது ரத்தம் உறையவிடாமல் செய்யும், மாற்று மருந்தாக வைட்டமின் கே உண்டு. கருப்புப் பொடி சிங்க் பாஸ்பைடு. தானியத்துக்கு வைக்கும் மாத்திரை அலுமினியம் பாஸ்பைடு. ஈரம் பட்டால் இரண்டிலும் பாஸ்பீன் என்ற நச்சு வாயு கிளம்பும். டியூபில் வரும் பேஸ்ட் பெரும்பாலும் 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ். இதற்கு மாற்று மருந்தே கிடையாது.

மஞ்சள் பாஸ்பரஸ் ஏமாற்றும் விஷம். முதல் நாள் வாந்தி, வயிற்று வலி, சில சமயம் ஒன்றுமே இருக்காது. இரண்டாம், மூன்றாம் நாள் குழந்தை நன்றாக விளையாடும். "சரியாகிவிட்டது" என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் கல்லீரல் கெட ஆரம்பிக்கும்: மஞ்சள் காமாலை, ரத்தக் கசிவு, நினைவு தடுமாறுவது. ஆகவே விரலில் எடுத்து நக்கியிருந்தாலும் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. அங்கே "எலி மருந்து" என்று சொல்லாதீர்கள், "மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்" என்று சொல்லி டியூபைக் காட்டுங்கள். கல்லீரல் பரிசோதனையும் ரத்தம் உறையும் நேரமும் தொடர்ந்து சில நாட்கள் பார்க்க வேண்டியிருக்கும். முதல் நாள் ரிப்போர்ட் சரியாக இருப்பதை வைத்து டிஸ்சார்ஜ் கேட்க வேண்டாம்.

அந்துருண்டை விஷயம் வேறு மாதிரி. அது நாப்தலின் என்றால், ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். ஒரு உருண்டையை வாயில் போட்டிருந்தாலே போதும். அந்துருண்டையோடு பெட்டியில் கிடந்த துணியை அப்படியே பச்சைக் குழந்தைக்குப் போர்த்தினாலும் வரலாம். அறிகுறி தெரிவது ஓரிரு நாள் கழித்து: சிறுநீர் கடுங்காப்பி நிறம், கண்ணும் தோலும் வெளிறுவது அல்லது மஞ்சளாவது. வெள்ளை உருண்டை என்பதால் கற்பூரத்தோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. கற்பூரம் இதைவிட வேகமானது, சில நிமிடங்களிலேயே வலிப்பு வந்துவிடும்.

உங்கள் பட்டியலில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: ரிமோட்டிலும் எடை மெஷினிலும் இருக்கும் பட்டன் பேட்டரி. 20 மி.மீ. லித்தியம் வகை உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்தில் திசு வெந்துவிடும். உடனே எக்ஸ்ரே. ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 முறை. தேன் தேடி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

---

பிப்பெட்

மேலே சொன்னதில் சேர்க்க ஒன்றுமில்லை. நான் அந்த மஞ்சள் பாட்டிலுக்கு வருகிறேன்.

வண்டியில் விற்கும் "ஆசிட்" பெரும்பாலும் வணிகத்தர ஹைட்ரோகுளோரிக் அமிலம், சுமார் 30 சதவீதம். தூய்மையானது நிறமில்லாமல் இருக்கும். இரும்புக் கலப்பினால்தான் அந்த மஞ்சள். கடையில் பெயர் போட்டு விற்கும் கழிவறை ஆசிட்டில் இதே அமிலம் 10 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே "அதே பொருள்தானே, மலிவு" என்ற எண்ணம் தவறு. மும்மடங்கு வீரியம்.

ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல்: அதே வண்டியில் விற்கும் பிளீச் திரவமும், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டும், இளமஞ்சள்தான். இரண்டும் ஒரே மாதிரி தண்ணீர் பாட்டிலில், ஒரே நிறத்தில், பக்கத்துப் பக்கத்தில். ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு. உங்கள் பாட்டில் எது என்று முடிவு செய்யாமல் எதிலும் ஊற்றக் கூடாது.

முகர்ந்து பார்க்காதீர்கள். திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஒரு துடைப்பக் குச்சியை நனைத்து எடுங்கள். பி.எச். தாளில் ஒரு சொட்டு வையுங்கள் (அமிலமா காரமா என்று நிறத்தில் காட்டும் தாள், பள்ளி ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையிலும் மீன் தொட்டிக் கடையிலும் கிடைக்கும்). சிவந்து அப்படியே நின்றால் அமிலம். முதலில் நீலமாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவிலிருந்து வெளுத்து வெள்ளையானால் பிளீச். தாள் கிடைக்காவிட்டால் ஒரு பீங்கான் சாசரில் கால் ஸ்பூன் ஆப்ப சோடா வைத்து அதன்மேல் ஒரு சொட்டு: சுர்ரென்று நுரைத்தால் அமிலம். பிளீச் நுரைக்காது. எக்காரணம் கொண்டும் "பிளீச்சா என்று பார்க்க" ஆசிட்டை ஊற்றிச் சோதிக்காதீர்கள்.

பாத்ரூமில் குளோரின் எப்படி ஆளைப் பிடிக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடரைத் தூவி வைத்துவிட்டு, கறை போகவில்லை என்று அதன்மேல் ஆசிட் ஊற்றுவார்கள். மூன்றுக்கு ஐந்து அடி அறை, கதவு சாத்தியிருக்கும், எக்ஸாஸ்ட் ஃபேன் கூரையருகே. குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தேங்கும். தேய்ப்பவர் குந்தி உட்கார்ந்து அதே உயரத்தில் மூச்சு விடுவார். வாசலில் தவழும் குழந்தையும் அதே உயரம்தான். சிறுநீர் படிந்த இடத்தில் பிளீச் ஊற்றினாலும் குளோரமைன் என்ற இன்னொரு வாயு வரும், அதனால்தான் பொதுக் கழிப்பறையில் கண் எரிகிறது.

நெடி வந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவ நிற்க வேண்டாம். மூச்சைப் பிடித்து வெளியே வந்து, கதவைத் திறந்தபடி விட்டு, எல்லோரையும் காற்றோட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சு இறுக்கம் இருந்தால் மருத்துவமனை. ஆஸ்துமா உள்ளவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். நன்றாக முகர்ந்துவிட்டவருக்கு நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரும், ஆகவே ஒரு நாள் முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழி, லேபிள் உள்ள பொருளுக்குத்தான். பின்பக்கம் உள்ள வேதிப்பெயரை எடுத்து, அந்தப் பெயரோடு "சேஃப்டி டேட்டா ஷீட்" என்று சேர்த்துத் தேடுங்கள். எந்த நாட்டு நிறுவனம் வெளியிட்டாலும் அந்தத் தாள் 16 பகுதிகளாக ஒரே வரிசையில் இருக்கும். வீட்டுக்கு வேண்டியது நாலு: 2ஆம் பகுதி ஆபத்து, 3 உட்பொருளும் சதவீதமும், 4 முதலுதவி, 10 எதனோடு சேரக் கூடாது. 10ஆம் பகுதியைத்தான் யாரும் பார்ப்பதில்லை, குளோரின் கதை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஒரே வேதிப்பொருளுக்குப் பத்துப் பெயர் இருக்கும் என்பதால் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனியாக உள்ள சி.ஏ.எஸ். எண்ணை வைத்துத் தேடினால் தவறாது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் 7647-01-0, சோடியம் ஹைப்போகுளோரைட் 7681-52-9, அடைப்பு எடுக்கும் காஸ்டிக் சோடா 1310-73-2. பப்கெம் என்ற வேதிப்பொருள் தகவல் தளத்தில் இந்த எண்ணைப் போட்டாலே பக்கம் வந்துவிடும்.

பூச்சி மருந்துக்கு இன்னும் எளிது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண் டப்பாவில் இருக்க வேண்டும், கூடவே சாய்சதுரத்தில் ஒரு வண்ண முக்கோணம். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை, அந்த நாலில் கடைசி என்றுதான் பொருள். பதிவு எண்ணே இல்லாத கொசு ஊதுபத்திகளை வாங்காதீர்கள். "மூலிகை" என்று அட்டையில் போட்டிருந்தாலும் கொசு ஒரே நிமிடத்தில் சுருண்டு விழுகிறது என்றால் உள்ளே பதிவில்லாத பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி இருக்க வாய்ப்பு அதிகம்.

---

தென்காசிச்_சாரல்

மிக்க நன்றி இருவருக்கும். மொட்டை மாடியில் வைத்துச் சோதித்தோம். தாள் சிவந்து அப்படியே நின்றது, ஆப்ப சோடாவும் நுரைத்தது. ஆக ஆசிட்தான், சுமார் 700 மி.லி. இதைக் கழிவறையிலேயே ஊற்றிவிடலாமா? பிளீச்சிங் பவுடரையும் எலி பேஸ்ட்டையும் என்ன செய்வது?

---

பிப்பெட்

அப்படியே ஊற்றாதீர்கள். செப்டிக் டேங்க் என்றால் பாக்டீரியா செத்துவிடும். பழைய இரும்புக் குழாய் என்றால் அரிக்கும். குழாயில் முன்பே பிளீச் தேங்கியிருந்தால் வாயு வரும்.

செய்முறை: 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளியில் பாதித் தண்ணீர். அலுமினியமும் தகரமும் வேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பும். ஆசிட்டைத் தண்ணீரில் மெல்ல ஊற்றுங்கள். தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும். பிறகு ஆப்ப சோடாவை ஒவ்வொரு ஸ்பூனாகப் போட்டு, நுரை அடங்கியபின் அடுத்த ஸ்பூன். ஒரு லிட்டர் 30 சதவீத ஆசிட்டுக்குக் கணக்குப்படி 800 கிராம் சோடா பிடிக்கும். உங்களுடைய 700 மி.லி.க்கு 560 கிராம் வரும், கொஞ்சம் கூட வைத்துக்கொள்ளுங்கள். நுரைப்பது முழுவதும் நின்றதும் அது வெறும் உப்புத் தண்ணீர். சாக்கடையில் ஊற்றலாம். செடிக்கு ஊற்ற வேண்டாம். பெரும்பாலோர் செய்யும் தவறு, நேரம் போகிறதென்று சோடாவை மொத்தமாகக் கொட்டுவது. வாளி பொங்கி வழிந்து காலில் கொட்டும். காலி பாட்டிலை மூன்று முறை அலசி, அடியில் ஓட்டை போட்டு எறியுங்கள். ஓட்டை போடாவிட்டால் யாராவது எடுத்துத் தண்ணீர் பிடிப்பார்கள்.

பிளீச்சிங் பவுடரை அதே நாளில் தொடாதீர்கள், அதே வாளியும் வேண்டாம். புதிதில் 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும், கவரில் கிடந்து ஈரம் குடித்ததில் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. அதனால் குடிநீர்த் தொட்டிக்குப் போட இனி உதவாது. வெளிச் சாக்கடை ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவித் தீர்த்துவிடலாம். மூடிய டப்பாவில் இறுக்கி அடைக்காதீர்கள், உள்ளே வாயு சேரும்.

எலி பேஸ்ட்டைச் சாக்கடையிலோ குப்பையிலோ போடக் கூடாது, எரிக்கவும் கூடாது. மஞ்சள் பாஸ்பரஸ் உலர்ந்து காற்றுப் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும் பொருள். டியூபை மூடி, ஈர மணல் நிரப்பிய பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மாதிரி ஒன்றில் புதைத்து மூடி, மேலே பெயரைப் பெரிதாக எழுதி, உயரத்தில் பூட்டி வையுங்கள். அடுத்து எங்கே கொடுப்பது என்பதை வார்டு அண்ணன் வந்து சொல்லட்டும்.

---

வார்டு_மனு

சொல்கிறேன். பெயின்ட் டப்பா, பூச்சி மருந்து டப்பா, டியூப் லைட், பேட்டரி, காலாவதி மருந்து, பாதரச தெர்மாமீட்டர் ஆகியவை வீட்டு அபாயக் கழிவு. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைத் தனியாகப் பிரித்து, 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் உள்ளாட்சி வைக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டன. நடைமுறையில் குப்பை வண்டிக்காரர் "மையமா, எங்கே?" என்பார். அவரோடு வாதாட வேண்டாம், நகராட்சி சுகாதார ஆய்வாளரை நேரில் பார்த்து எழுத்தில் கொடுங்கள்: என்ன பொருள், எவ்வளவு, எங்கே ஒப்படைப்பது. ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். சென்னை மாநகராட்சி என்றால் 1913. வேறு எங்கேயும் பதில் வராவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100. தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் குப்பையைப் பிரிக்கிறார் என்பதை மறக்காதீர்கள். பொதிந்து, பெயர் எழுதி, தனியாகக் கொடுங்கள்.

புகார் எங்கே என்று கேட்டீர்கள். விஷயத்துக்கு ஒரு கதவு. தவறான கதவைத் தட்டினால் மூன்று மாதம் கழித்து "எங்கள் வரம்பில் இல்லை" என்று கடிதம் வரும்.

பெயர், முகவரி, அளவு, விலை, தயாரித்த மாதம் எதுவும் இல்லாமல் பொட்டலம் கட்டி விற்றால் எடையளவுச் சட்டம். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு. ஆசிட் என்றால் இன்னொரு பிடியும் உண்டு: 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி சில்லறையில் ஆசிட் விற்பவர் வாங்குபவரின் பெயர், முகவரி, என்ன காரணம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும், புகைப்பட அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரம் கோட்டாட்சியருக்கு உண்டு. வண்டியில் விற்பவரிடம் எந்தப் பதிவேடும் இருக்காது. ஆனால் அவரைப் பிடித்துப் பயனில்லை, அவருக்குக் கேனில் ஊற்றிக் கொடுக்கும் மொத்த வியாபாரி யார் என்று விசாரிக்கச் சொல்லி மனுவில் கேளுங்கள்.

பெயர் போட்ட பொருளால் பாதிப்பு என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். ரசீதும் டப்பாவும் மிச்சப் பொருளும் கையில் இருக்க வேண்டும். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது.

பூச்சி மருந்தும், பூச்சி ஒழிப்பு நிறுவனமும் வேளாண்மைத் துறை பக்கம். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்தது நினைவிருக்கும். ஆள் வைத்து மருந்து அடிக்கும்போது உரிமத்தின் நகலைக் கேளுங்கள், மருந்தின் பெயரை எழுதி வாங்குங்கள், ஏ.சி. போட்டு அடைத்த அறையில் அன்றிரவு யாரும் தூங்கக் கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை குடியிருக்கும் வீட்டுக்குள் வைக்கும் பொருளே அல்ல.

பக்கத்துப் பட்டறைப் புகை, சாயக் கழிவு, வேதி நெடி என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர். மனுவில் "நாற்றம் தாங்கவில்லை" என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. தேதி, மணி, எவ்வளவு நேரம், காற்று எந்தத் திசை, பத்து நாள் அட்டவணையாகக் கொடுத்தால் ஆய்வுக்கு எப்போது வர வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

---

பாத்திரக்_கடைத்_தெரு

ஈயச்சொம்புக்கு நான் சொல்கிறேன். ரசத்துக்கு வைப்பது வெள்ளீயம் (டின்), அதில் பயமில்லை. பிரச்சினை காரீயம் (லெட்). இரண்டையும் தமிழில் "ஈயம்" என்றே சொல்வதால் வாங்குபவர் ஏமாறுகிறார். விலை பல மடங்கு வித்தியாசம் என்பதால் கலப்படம் செய்ய ஆசை வரும். புளியும் தக்காளியும் கொதிக்கும்போது காரீயம் ரசத்தில் இறங்கும், ருசியில் தெரியாது.

வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். சமையலறை எடை மெஷினில் சொம்பை உலர்வாக எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெஷின்மேல் ஒரு பாத்திரத் தண்ணீர் வைத்துப் பூஜ்யமாக்கி, சொம்பை நூலில் கட்டி, அடியில் இடிக்காமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது மெஷின் காட்டும் கிராம்தான் சொம்பின் கனஅளவு, மி.லி. கணக்கில். முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். சுத்த வெள்ளீயம் என்றால் 7.3. காரீயம் 11.3. 700 கிராம் சொம்பு என்றால் 96 காட்ட வேண்டும், பத்தில் ஒரு பங்கு காரீயம் கலந்திருந்தால் 92 அல்லது 93 காட்டும். உள்ளே காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் காரீயச் சொம்பும் நல்லதுபோலக் காட்டும், ஆகவே சொம்பைச் சாய்த்துச் சாய்த்து மூழ்கவிடுங்கள்.

இந்தச் சோதனை நிறையக் கலந்திருந்தால்தான் பிடிக்கும். நூற்றுக்கு ஒரு பங்கு, இரண்டு பங்கு காரீயம் இருந்தால் எண் மாறவே மாறாது, ஆனால் குழந்தை குடிக்கும் ரசத்துக்கு அதுவே அதிகம். ஆக இதில் தோற்ற சொம்பை உடனே ஒதுக்குங்கள், தேறிய சொம்பை நம்பிவிடாதீர்கள். அடுத்த படி எக்ஸ்.ஆர்.எஃப். மெஷின், அதாவது எக்ஸ் கதிரை வைத்து உலோகக் கலவையைக் காட்டும் மெஷின். தங்கம் உரசிப் பார்க்காமல் மெஷினில் பார்க்கும் கடைகளில் உண்டு. தங்கத்துக்கு அளவிட்ட மெஷின் என்பதால் சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, காரீயம் இருக்கிறதா என்று மட்டும் தெரியும். துல்லியம் வேண்டுமென்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகம். சொம்பின் அடியில் ஓட்டை அடைத்த பற்று இருந்தால் சோதனையே வேண்டாம். பற்று வைக்கும் சால்டரில் 40 சதவீதம் வரை காரீயம் இருக்கும்.

---

பிப்பெட்

ஜன்னல் பச்சை எனாமலுக்கும் இதே காரீயம்தான் காரணமாக இருக்கலாம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில் நிறத்துக்காக லெட் குரோமேட் என்ற காரீய நிறமி சேர்ப்பார்கள். 2017 நவம்பர் 1 முதல் வீட்டுப் பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்.மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதற்கு முன் அடித்ததென்றால் காரீயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. வெப்பத் துப்பாக்கியும் கூடாது. குழந்தையை அன்றைக்கு வேறு வீட்டில் விடுங்கள். கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து, தளர்ந்த செதிலை மட்டும் கரண்டியால் எடுத்து, விரிப்போடு சுருட்டிக் கட்டி, மேலே சொன்ன அபாயக் கழிவோடு சேருங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பெயின்டைச் சுரண்டாதீர்கள், அதன்மேல் புதுப் பெயின்ட் இரண்டு கோட் அடித்து மூடுவதே மேல். பிறகு ஜன்னல் விளிம்பையும் தரையையும் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் இரண்டு முறை துடைத்து, துணியை எறிந்துவிடுங்கள். பெயின்டர்கள் "தண்ணீர் போட்டால் பிடிக்காது" என்று உலர்வாகவே தேய்க்கப் பார்ப்பார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் செலவைக் கேட்பதற்கு முன், தபால்தலை அளவு செதில் ஒன்றை ஜிப் கவரில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பி ரிப்போர்ட் வாங்குவது நல்லது.

---

தென்காசிச்_சாரல்

ஆசிட்டை முறித்தாயிற்று, 600 கிராம் சோடா பிடித்தது. சொம்பு எண் 7.6 வந்தது. குழந்தைக்கு ஆறு மாதமாக அந்த ரசத்தில்தான் சோறு பிசைந்து கொடுத்திருக்கிறோம். ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டுமா? எங்கே?

---

மருந்தாளுநர்_கோவை

பார்த்துவிடுங்கள். பரிசோதனைச் சீட்டில் "பிளட் லெட்" என்று இருக்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் இது வராது. பெரிய தனியார் ஆய்வகங்களின் கிளைகளில் ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்புவார்கள், ஓரிரு நாளில் ரிப்போர்ட் வரும். விரலில் குத்தி எடுப்பதைவிட நரம்பில் எடுப்பதே சரி, விரல் நுனியில் ஒட்டிய பெயின்ட் தூசே எண்ணை ஏற்றிக் காட்டிவிடும். ரத்தம் எடுக்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் ஒரு டெசிலிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று வரும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னபடி 5 அல்லது அதற்கு மேல் என்றால் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டில் சொம்பு, ஜன்னல் இரண்டும் ஏற்கெனவே தெரிந்துவிட்டன. 45ஐத் தொட்டால் மருத்துவமனையில் சேர்த்து ஈயத்தை வெளியேற்றும் மருந்து தருவார்கள். இடைப்பட்ட எண்ணுக்கு மருந்து இல்லை, மூலத்தை நிறுத்தி, ஒன்று முதல் மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் "ஈயம் நீக்கும்" பொடிகளைக் கொடுக்காதீர்கள்.

கூடவே இரும்புச்சத்தும் பார்க்கச் சொல்லுங்கள். இரும்பும் கால்சியமும் குறைந்த குழந்தையின் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். குழந்தை மருத்துவர் இதில் பழக்கமில்லாதவர் என்றால் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் தொடங்கப்பட்ட ஈய நச்சுக்கான தேசிய ஆலோசனை மையம் பற்றிச் சொல்லுங்கள், அவரே அங்கே பேசலாம். ரிப்போர்ட் வந்ததும் எண்ணை இங்கே போடுங்கள். அதுவரை ரசத்தை எவர்சில்வரிலேயே வையுங்கள்.